சாய்ந்த சிங்கம்: நடத்துநர்களுக்கு ஒரு மடல்



வள்ளலார் நகர்ப் பேருந்தின் படியில் நின்று "மிண்ட்... மிண்ட்..." என்று நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு ஒரு நொடி காது அங்கேயே நின்றுவிடும். தங்கசாலை, ஒரு காலத்தில் காசு அடித்த இடம். அடிப்பது நின்று நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பெயர் மட்டும் உங்கள் வாயில் தினமும் புழங்குகிறது.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்தோரு வருடம் பிரஸ் ஓட்டியவன். தகட்டில் வாஷர் வெட்டுவது என் வேலை. காசு சேர்ப்பது அதற்கும் முந்தைய பழக்கம். வாஷர் வெட்டுவதும் காசு அடிப்பதும் பங்காளித் தொழில்கள் என்பதால், ஒரு காசில் குறை இருந்தால் அது இயந்திரம் செய்ததா, மனிதக் கை செய்ததா என்று பார்க்க எனக்குக் கொஞ்சம் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை உங்களிடம் ஒப்படைக்கத்தான் இந்த மடல்.

எழுதக் காரணம் உங்களில் ஒருவர். போன மாதம் ஒரு மாலை, கூட்டமில்லாத வண்டியில் ஓர் இளம் நடத்துநர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் தந்த சில்லறையை நான் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்ததைக் கவனித்திருக்கிறார். "சார், நீங்க காயின் சேக்கறவரா?" என்று கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பத்து ரூபாய்க் காசு. நடு வட்டத்தில் சிங்கம் வலப் பக்கமாகச் சாய்ந்து நின்றது, இரண்டு மணி காட்டும் முள்ளைப் போல. வசூலில் வந்ததாம். தன் பணத்திலிருந்து பத்து ரூபாயைப் பையில் போட்டுவிட்டு இதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். படம் பிடித்துக் கைப்பேசியில் போட்டதும் யாரோ கூப்பிட்டு ஐந்து லட்சம் தருகிறேன் என்றிருக்கிறான். முதலில் பதிவுக் கட்டணம் 1,150 ரூபாய். அடுத்து வரி என்று 4,500. மூன்றாவது முறை கேட்டபோது இவரிடம் பணம் இல்லை.

"காசு அசல்தானே சார்? அசல்னா கடன ஒடன வாங்கியாவது கட்டிடலாம்னு பாக்கறேன்" என்றார்.

நான் இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மீதியை இங்கே எழுதுகிறேன். ஒரு வருடத்தில் என் கையில் புரளும் காசு உங்கள் கையில் ஒரே நாளில் புரண்டுவிடும். அச்சுப்பிழைக் காசு இந்த ஊரில் யார் கண்ணிலாவது பட வேண்டுமென்றால் அது உங்கள் கண்ணில்தான் முதலில் படும். ஏமாற்றுபவனும் அதனால்தான் உங்களைத் தேடி வருகிறான்.

ஒரு காசில் நாம் காணும் குறை இரண்டே வகை. பிறக்கும்போதே கூட வந்தது மச்சம். பிறந்த பிறகு பட்டது காயம். சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது மச்சத்துக்கு. காயத்துக்கு யாரும் ஒரு பைசா கூடுதலாகத் தரமாட்டார்கள். இரண்டையும் பிரிக்க ஒரு கேள்வி போதும்: இந்தக் குறை, காசு செய்யும் எந்தக் கட்டத்தில் வந்திருக்க முடியும்? அதற்குப் பதில் சொல்ல, காசு எப்படிப் பிறக்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொள்ள வேண்டும்.

உருட்டிய தகட்டில் பஞ்ச் இறங்கி வட்ட வில்லைகளை வெட்டும். வில்லைகளைச் சூளையில் காய்ச்சி இளக வைப்பார்கள். அடுத்து ஒரு குறுகலான பள்ளத்தில் உருட்டி நெருக்குவார்கள், அப்போது ஓரம் மேடாக எழும்பும். கடைசியாகத்தான் அடிக்கும் பொறி. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிலும் வில்லை பிதுங்கி ஓடாமல் பிடிக்க காலர் என்கிற வளையம். அடி விழுந்ததும் தலையும் பூவும் விளிம்பும் ஒன்றாக வந்துவிடும். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா, நான்கு ஊர் நாணயச்சாலைகளிலும் முறை இதுதான்.

இப்போது அந்தச் சாய்ந்த சிங்கத்துக்கு வருவோம். பத்து ரூபாயின் வெளி வளையமும் உள் வட்டும் தனித்தனியாக வெட்டப்படுபவைதான். ஆனால் இரண்டும் வெறும் வில்லைகளாக, ஓர் எழுத்துகூட இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்று வைக்கப்படும். அதன் பிறகே அடி விழும். அந்த அடியில்தான் உலோகம் பிதுங்கி ஒன்றை ஒன்று கவ்விக்கொள்கிறது. நடுவில் இருக்கும் சிங்கத்தையும், இருபுறமும் வளையத்தில் இருக்கும் நாட்டின் பெயரையும் பதிப்பது ஒரே அச்சு. அப்படியிருக்க, சிங்கம் மட்டும் தனியாக எப்படிச் சாயும்? அச்சே திரும்பியிருந்தால் எழுத்துகளும் சேர்ந்துதானே திரும்பியிருக்கும்?

வண்டி சிக்னலில் நின்றபோது பத்து மடங்கு லென்ஸை எடுத்து அவரையே பார்க்கச் சொன்னேன். வளையமும் வட்டும் சேரும் கோட்டில் மூன்று இடத்தில் ஊசியால் நெம்பியது போல் சின்னச் சின்ன வடு. அந்த இடங்களில் உலோகம் புதிதாகப் பளபளத்தது. பின்பக்கம் ரூபாய்க் குறியும் அதே அளவுக்குச் சாய்ந்திருந்தது. யாரோ காசைச் சூடாக்கி உள்வட்டைத் தட்டிக் கழற்றி, திருப்பி வைத்து அழுத்தியிருக்கிறார்கள். லென்ஸைத் திருப்பித் தரும்போது அவர் எதுவும் பேசவில்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை.

ஆனால் அச்சு உண்மையிலேயே திரும்பிப்போவது உண்டு. அது நல்ல மச்சம், நம் சில்லறையில் கொஞ்சம் தேடினால் கிடைக்கக்கூடியது. பார்க்கும் விதம் எளிது. சிங்கத்தின் தலையையும் பீடத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மேலும் கீழுமாகப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தின் தாளைப் புரட்டுவது போல் காசை இடவலமாகத் திருப்புங்கள். நம் நாட்டுக் காசில் பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால், பொறியில் ஓர் அச்சு தளர்ந்து சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். இதில் ஒவ்வொரு பக்கமும் தன்னளவில் முழுதாக, ஒழுங்காக இருக்கும். ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கம்தான் திரும்பியிருக்கும். அந்த இளைஞரின் காசில் இருந்ததற்கு நேர் எதிர். ஒரே உலோகத்தாலான காசில் இதைக் கையால் போலியாகச் செய்வது கடினம், இரண்டு காசுகளைச் சீவி ஒட்டினால்தான் முடியும்.

அப்படி ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். 'ஷோலே' படத்தில் அமிதாப் சுண்டுவாரே, இரண்டு பக்கமும் தலை உள்ள காசு, அந்த வகை. லேத்தில் ஒரு காசின் உட்புறத்தைக் குடைந்து, இன்னொன்றைச் சீவி உள்ளே பொருத்துவார்கள். ஒட்டு விளிம்பில் தெரியாது, விளிம்புக்கு உள்ளே ஓரமாக முடி போல் ஒரு வட்டக்கோடு ஓடும். கல்மேல் போட்டால் "கிண்" என்று கேட்காமல் "டொக்" என்று கேட்கும்.

எடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகைக்கடையில் வைப்பது போன்ற சின்னத் தராசு இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்குங்கள், நான்கு பேர் சேர்ந்தாவது வாங்குங்கள். 1992-இல் வந்த பெரிய எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம், அகலம் 25 மில்லிமீட்டர். 2011-இல் வந்த சின்ன ஒரு ரூபாய் 3.79 கிராம். ரூபாய்க் குறியுள்ள பத்து ரூபாய் 7.71 கிராம், அகலம் 27 மில்லிமீட்டர். பழைய கனமான ஐந்து ரூபாய் 9 கிராம். புழங்கிய காசில் துளி கூடக் குறைய இருக்கும், அது பரவாயில்லை.

என்னிடம் ஒரு பெரிய ஒரு ரூபாய் இருக்கிறது. உங்களைப் போன்ற ஒரு நடத்துநர் கொடுத்த மிச்சச் சில்லறையில் வந்தது. ஓரத்தில் ஒரு பிறை அளவுக்கு இல்லை, எலி கடித்த அப்பளம் போல. எடை 4.41 கிராம். பார்த்ததும் என் தொழில் நினைவுக்கு வந்துவிட்டது. பிரஸ்ஸில் தகடு முழுதாக நகராமல் பாதியில் நின்றால், பஞ்ச் ஏற்கெனவே வெட்டிய ஓட்டைமேல் கொஞ்சம் ஏறி இறங்கும். வருகிற வாஷரில் ஒரு பிறை குறையும். காசு வில்லையிலும் அதுவேதான். ஆனால் அரத்தால் ராவியும் இப்படிப் பிறை வெட்டலாமே? வெட்டலாம். அதனால் நான் வெட்டுப்பட்ட இடத்தை முதலில் பார்ப்பதில்லை, நேர் எதிர்ப்பக்கத்தைப் பார்ப்பேன். வில்லையை உருட்டி ஓரம் எழுப்பும்போது, ஒரு பக்கம் குறைந்திருந்தால் அந்த நொடியில் எதிர்ப்பக்கத்திலும் நெருக்கம் விழாது. அதனால் அசல் பிறைக்காசில் வெட்டுக்கு நேர் எதிரே விளிம்பு மேடு சோர்ந்து மழுங்கியிருக்கும். அடிபடும்போது உலோகம் அந்தக் காலியிடத்தை நோக்கி ஓடுவதால் வெட்டுக்கு அருகே இருக்கும் எழுத்துகளும் இழுபட்டு மெலியும். அரத்தால் வெட்டியதில் எழுத்து பாதியில் கச்சிதமாக அறுந்திருக்கும், எதிர் விளிம்பு கம்பீரமாக இருக்கும். அரம் பிடித்தவனுக்கு எதிர்ப்பக்கம் ஞாபகத்தில் இருப்பதில்லை.

அகலமாக விரிந்த காசு ஒன்று உண்டு. காலர் வளையம் சரியாக ஏறி நிற்காமல் அடி விழுந்தால் உலோகம் தாராளமாகப் பரவிவிடும். தண்டவாளத்தில் காசு வைத்து ரயில் போன பிறகு ஓடிப்போய்ப் பொறுக்கிய ஆட்கள் நம்மில் நிறையப் பேர். அந்தத் தகட்டையும் இப்போது அச்சுப்பிழை என்று விற்கிறார்கள். எடை இரண்டிலும் மாறாது, அளவுகோல்தான் சொல்லும். பொறியில் விரிந்த காசில் சிங்கத்தின் உயரம் மற்றக் காசில் இருப்பதேதான், அதைச் சுற்றி வெறும் உலோகம் மட்டும் கூடுதலாக இருக்கும். ரயிலோ சுத்தியலோ விரித்த காசில் சிங்கமும் சேர்ந்து பருத்திருக்கும். நல்ல காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும்.

இனி என் சொந்தக் கதை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாணயக் கண்காட்சியில், ஒரு விற்பனையாளரிடம் கனமான ஐந்து ரூபாய் ஒன்றை 3,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பூப் பக்கத்தில் சிங்கம் பள்ளமாக, கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாறி இருந்தது. இப்படி அசலாகவும் வரும். அடிபட்ட காசு ஒன்று வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லைமேல் அச்சுக்குப் பதிலாக அந்தக் காசின் முகம் அழுந்தும். அதுதான் என்று நம்பினேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் காலை வெயிலில், அந்தப் பள்ளச் சிங்கத்துக்கு அடியில் '5' என்ற எண்ணின் வளைவு நசுங்கித் தெரிந்தது.

அது தெரியவே கூடாது. ஒட்டிய காசு அழுத்திய வில்லை வெறும் வில்லை. அதில் '5' எங்கிருந்து வரும்? திருப்பிப் பார்த்தேன். சிங்கத்தின் பிடரி தட்டையாகி வழவழத்துக் கிடந்தது. முழுக் காசு இரண்டை வைஸில் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். என் வாழ்நாளில் எத்தனையோ முறை பட்டறையில் பிடித்த அதே வைஸ். எனக்கு வலித்தது பணத்தைவிட, மூன்று நாளும் நான் கேள்வி கேட்காமல் ஆசையோடு மட்டும் பார்த்திருக்கிறேன் என்பதுதான். அந்தக் காசை இன்றும் வைத்திருக்கிறேன். என் நாற்பது வருடத் தொகுப்பில் அதிகம் கற்றுக்கொடுத்த காசு அது.

நகத்தால் ஒரு சோதனை செய்யலாம். காசில் தேவையில்லாத கோடு ஒன்று தெரிந்தால் நகத்தால் வருடுங்கள். மேடாகத் தட்டினால் அச்சில் நடந்தது: அச்சில் விரிசல் விட்டு, அந்த விரிசலுக்குள் உலோகம் ஏறியிருக்கிறது. பள்ளமாகத் தட்டினால் பெரும்பாலும் காசுக்குப் பட்ட கீறல். "பெரும்பாலும்" என்று சொல்வதற்குக் காரணம், அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே நூலோ பிசிறோ மாட்டினாலும் பள்ளம் விழும். அதன் அடிப்பகுதி வழுவழுப்பாக இருக்கும், கீறலின் அடி சொரசொரப்பாக இருக்கும். மேட்டிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். டாலராகப் போட்டிருந்த காசின் வளையத்தை அறுத்துவிட்டு, மிச்சமிருக்கும் பற்றாசை 'கூடுதல் உலோகம்' என்பார்கள். பற்றாசின் நிறம் வேறு, ஊசியால் குத்தினால் இளகிக் கொடுக்கும்.

எழுத்தோ ஆண்டோ காணாமல் போன காசும் வரும். அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து மங்கும். அப்போது எழுத்து இருக்க வேண்டிய இடமும் சுற்றுப்பரப்பும் ஒரே தோலாக இருக்கும். ராவி எடுத்திருந்தால் அங்கே மட்டும் தேய்ப்புக் கோடுகள் ஒரே திசையில் ஓடும். ஆண்டுக்குக் கீழே இருக்கும் ஊர்க்குறியில் இந்த வேலை அதிகம் நடக்கிறது. மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு எதுவும் இல்லை. வைரத்தைத் தேய்த்து அழித்துவிட்டுக் கொல்கத்தாக் காசு என்று விற்கிறார்கள்.

நிறம் மாறிய காசு என்றால் காந்தத்தை எடுங்கள். எஃகு ஒரு ரூபாய்க்குச் செம்பு முலாம் பூசி, 'மாற்று உலோகத்தில் அடித்த ஒரு ரூபாய்' என்பார்கள். செம்பானால் காந்தத்தில் ஒட்டக் கூடாது. இது ஓடிப்போய் ஒட்டும். தீபாராதனைத் தட்டில் கர்ப்பூரத்தோடு கிடந்து நீலமும் மஞ்சளுமாக நிறம் ஏறிய எஃகுக் காசுகளும் உங்களிடம் வரும். அழகுதான், ஆனால் காயம்தான்.

மச்சமும் இல்லாமல் காயமும் இல்லாமல் வெறும் வித்தியாசம் மட்டும் உள்ள காசுகளும் இருக்கின்றன. பத்து ரூபாயில் பத்துக் கோடா, பதினைந்து கோடா என்று நம் ஊர்களில் எத்தனை சண்டை! வண்டிக்குள் அந்தச் சண்டையில் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நீங்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. அவை பிழையும் அல்ல, போலியும் அல்ல, வேறு வேறு காலத்து வடிவங்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மெக்சிகோ, தென் கொரியா, தென்னாப்பிரிக்கா, ஸ்லோவாக்கியா என்று வெளிநாடுகளிலும் நம் காசை அடித்து வாங்கினார்கள். அந்த ஊர்க்குறிகளைப் பார்த்தும் பிழை என்று மயங்க வேண்டாம். வைஷ்ணோ தேவி படம் போட்ட 2012-ஆம் ஆண்டுக் காசும் அப்படித்தான். அது நினைவுக் காசு, லட்சங்களுக்குப் போகும் என்பது கட்டிவிட்ட கதை.

அந்தக் கதையை நம்பவைத்துக் கட்டணம் கேட்பவர்களைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன். ரிசர்வ் வங்கி தன் பெயரில் பழைய காசு, நோட்டு வாங்க யாருக்கும் அனுமதி தரவில்லை, கட்டணமோ கமிஷனோ வரியோ கேட்பதும் இல்லை என்று 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. காசை வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் முதலில் பணம் கேட்கிறவர் காசு வாங்க வரவில்லை. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் திரும்ப வாய்ப்புண்டு. விலையையும் மனத்தில் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சு சுழன்ற ஒரு ரூபாய் நான் வாங்கியது இருநூறு ரூபாய்க்கு. சந்தோஷமாகத்தான் வாங்கினேன்.

நல்ல மச்சக் காசு கையில் வந்துவிட்டால், அதன் மதிப்பைப் பையில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். புளி போட்டோ விபூதி போட்டோ தேய்க்காதீர்கள். தேய்த்த காசில் மேல்தோல் போய்விடும், அசல் என்று நிரூபிக்கும் சாட்சியும் அந்தத் தோலோடு போய்விடும். அழுக்கோடு ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள். சும்மா விளையாட்டுக்குக்கூட நீங்களாகக் காசை வெட்டியோ உருக்கியோ பார்க்க வேண்டாம், 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் சிதைப்பதும் குற்றம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பது மணியிலிருந்து பதினோரு மணி வரை, அம்பத்தூர் எஸ்டேட் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் இருப்பேன். தராசு, காந்தம், லென்ஸ், வைஸில் நசுங்கிய என் ஐந்து ரூபாய் எல்லாம் பையில் இருக்கும். சந்தேகம் உள்ள காசைக் கொண்டுவாருங்கள், சேர்ந்தே பார்ப்போம். அந்த இளம் நடத்துநர் மூன்றாவது தவணையைக் கட்டவில்லை. புகார் கொடுத்திருக்கிறார். சாய்ந்த சிங்கத்தை, "மத்தவங்களுக்குக் காட்டுங்க சார்" என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அதையும் கொண்டுவருகிறேன். வளையமும் வட்டும் சேரும் கோட்டில் அந்த மூன்று வடுக்கள் எங்கே இருக்கின்றன என்று நான் சொல்லமாட்டேன், நீங்களே லென்ஸில் தேடிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வண்டியில் தினமும் ஏறும் ஒரு பயணி